மூன்றாம் ஓலைக்கு முன்

ராஜபாளையத்து மில்லில் பஞ்சுத் தூசிக்கு நடுவே நிற்கும் என் மகனுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அம்மா எழுதுவது. நீ சுகமா என்று கேட்க மாட்டேன். சுகமில்லை என்று எனக்குத் தெரியும். ஏழு மைல் தூரத்தில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம், பஸ்ஸில் ஏறி வந்து பேசினால் ஆகாதா என்று நீ நினைப்பாய். நேரில் வந்தால் நடப்பது என்ன என்று இருவருக்கும் தெரியும். நீ தலையைக் குனிந்துகொண்டு தரையில் எதையோ தேடுவாய். நான் கத்துவேன். கத்திவிட்டுச் சோறு போடுவேன். சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு, அதன் மேலேயே காகிதத்தை விரித்து, பகல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மில் சங்கு ஊதுகிற அவசரத்தில் படிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று வாரம் வாசிக்கிற ஓலைகளில், உன் பெயரையும் ரூத்தின் பெயரையும் சேர்த்து இரண்டாம் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டுவிட்டுச் சற்று நிறுத்தினார். என்ன தடை இருக்கப்போகிறது? மாப்பிள்ளைதான் கோயிலுக்குள்ளேயே இல்லை. வெளியே வேப்பமரத்தடியில், வண்டி மாடுகளோடு மாடாக நின்றிருந்தாய். ஆராதனை முடிந்து வந்த என்னை அப்படியே சுவரோரம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாயே, "அம்மா, மூணாவது ஓல வாசிக்கதுக்கு முன்னாடி நிறுத்திருங்கம்மா. அத்தன பேருக்கு முன்னால நின்னு என்னால அந்த வார்த்தையச் சொல்ல முடியாது. செத்துருவேன்" என்று. நான் என்ன சொன்னேன்? "ஏலே, கல்யாணத்துல எவனும் செத்ததில்லலே, போ" என்று சிரித்தேன். சிரித்தபடியே வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அந்த வார்த்தையை, அதே சுவரோரத்தில், அதே முகத்தோடு, உனக்கு முன்பே ஒருவன் சொல்லியிருக்கிறான்.

அது யார் என்று சொல்லத்தான் இத்தனை பீடிகை. உனக்கு ஒரு தாய்மாமன் உண்டு, ஞானமுத்து என்று பெயர், காலராவில் செத்துப்போனான் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவந்திருக்கிறோம். என் அண்ணன் காலராவில் சாகவில்லை. செத்தானா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்று கோயிலிலிருந்து எழுந்து போனவன், அவ்வளவுதான். செத்தவனுக்காவது கல்லறை உண்டு, போய்ப் பூ வைக்கலாம். இவனுக்கு என்ன செய்வது? இத்தனை வருஷமும் சந்தையில், ரயிலடியில், ஆண்டாள் தேர்க் கூட்டத்தில், முதுகைக் கொஞ்சம் கூனிக்கொண்டு போகும் எவனைப் பார்த்தாலும் எட்டி நடந்துபோய் முகத்தைப் பார்ப்பேன். இப்போது அந்த முதுகு உன்னிடம் வந்திருக்கிறது. நீ வேப்பமரத்தடியில் நின்றபோது நான் உன்னையா பார்த்தேன்?

அண்ணனுக்குத் தொண்டை எப்படிப்பட்டது தெரியுமா? எங்கள் தோட்டத்தில் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரை இழுக்கிற கமலையை அவன்தான் இறைப்பான். மாடுகளைச் சரிவில் இறக்கி, வடத்தின் மேல் உட்கார்ந்து அவன் பாட்டெடுத்தால் நாலு வயல் தள்ளிக் களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஞானப்பாட்டும் பாடுவான், மாட்டுக்கென்று சொந்தமாகக் கட்டின பாட்டும் பாடுவான். அதே ஆள் வீட்டுக்கு நாலு பேர் விருந்துக்கு வந்தால் மாட்டுத் தொழுவத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். கடைக்கு அனுப்பினால் கூட்டம் கலையும்வரை தூணோரம் நின்றுவிட்டுக் கடைசியில் வெறுங்கையோடு திரும்புவான். சோம்பேறி என்றார்கள். திமிர் என்றார்கள். பிறகு பேய் என்றுகூடச் சொன்னார்கள், இயேசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்களாகிய நாங்களே. அது என்ன என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அதற்கு ஒரு பெயரும் எங்களிடம் இல்லை. கூச்சம் என்று ஒரு வார்த்தை உண்டு. அது புதுப்பெண்ணுக்கு வருவது. இது வேறு.

அன்னம்மாளை அவனுக்குப் பேசி முடித்தார்கள். அடுத்த தெருப் பெண். அவனுக்கு அவள் மேல் உயிர். அவள் தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்து இவன் மாட்டைக் குளிப்பாட்டப் போவான், ஒரு வார்த்தை பேச மாட்டான், ஆனால் திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் ஓலை வாசித்த அன்றைக்குத்தான் சுவரோரம் என் அப்பாவிடம் போய் நின்றான். "அப்பா, எனக்கு அவளக் கட்டிக்க இஷ்டந்தான். கோயில்ல எல்லாருக்கும் முன்னாடி பேச மட்டும் முடியாது. நாக்கு ஒட்டிக்கிடும். செத்துருவேன்" என்றான். என் அப்பா கெட்டவர் இல்லை. மகன் மேல் பிரியம் கொட்டிக் கிடந்தது. அந்தப் பிரியத்தில்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். நேரே உபதேசியாரிடம் போய், மகனுக்காக ஜெபிக்கச் சொன்னார்.

உபதேசியார் தனியாகவா ஜெபிப்பார்? இரண்டாம் ஓலை வாசித்து முடித்த கையோடு, சபை முழுவதையும் முழங்காலில் நிறுத்தி, "ஆண்டவரே, உமது அடியான் ஞானமுத்துவின் நாவின் கட்டை அவிழ்த்தருளும், விவாக நாளில் அவன் சத்தமாய்ப் பேசத் தைரியம் தாரும்" என்று உருகி உருகி ஜெபித்தார். சபையும் ஆமென் என்றது. மூன்றாம் ஓலைக்கும் அதே ஜெபம். நடுவில் வீட்டுக் கூட்டங்களில் வேறு. அதுவரை எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த விஷயம் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபை முழுவதற்கும் சொந்தமாகிவிட்டது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னலே மாப்ளே, நாக்கு அவுந்துட்டா?" என்று அன்பாகக் கேட்டார்கள். ஆமாம், அன்பாகத்தான். அப்பாவோ இன்னும் ஒரு படி மேலே போய், ஆள் பலம் இருந்தால் மகனுக்குத் தைரியம் வரும் என்று, மகாராஜபுரத்திலிருந்து சொந்தம் அத்தனை பேரையும் வண்டி கட்டி வரவழைத்தார். அண்ணன் கமலையில் உட்கார்ந்து மாடுகளிடம் "சம்மதம், சம்மதம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்டேன். கணீரென்று இருந்தது.

கல்யாணத்தன்று கோயிலில் நிற்க இடமில்லை. போதகர் அவனைப் பார்த்து, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அந்த ஒரு நொடியில் இருநூறு தலைகள் அவன் வாயைப் பார்க்க முன்னால் சாய்ந்தன. நாங்கள் ஜெபித்தோமே, கர்த்தர் கேட்டாரா இல்லையா என்று பார்க்கிற ஆவல். எனக்கு அவன் பின்னங்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. வேர்வை வழிந்து சட்டைக் காலர் நனைந்துகொண்டே வந்தது. வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. போதகர் மறுபடியும் கேட்டார். பின்னால் எங்கேயோ ஒரு கிழவர், "சொல்லுடா ராசா, சொல்லு" என்றார். யாரோ "இயேசுவே" என்றார்கள். அவன் பிடித்திருந்த பூச்செண்டு நழுவிக் கீழே விழுந்தது. பதில் வராமல் விவாகம் செய்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று போதகர் புத்தகத்தை மூடிவிட்டார். அன்னம்மாளின் அப்பா எழுந்து, "பையனுக்கு இஷ்டமில்லேன்னா மொதல்லயே சொல்லித் தொலைக்கதுக்கென்ன? எம்மவகிட்ட அப்பிடி என்ன குத்தத்தக் கண்டான்?" என்று கத்தினார். அண்ணன் அவரைப் பார்த்து இல்லை இல்லை என்று தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். கூட்டம் வழிவிட்டது. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டியவன்தான். மதியம்வரை தொழுவத்தில் இருப்பான் என்று நினைத்தோம். தொழுவத்தில் மாடுகள்தான் இருந்தன.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நீ ஏற்கெனவே பயந்துதான் கிடக்கிறாய். உனக்கு வந்திருப்பது என்ன என்று எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எப்படித் தெரியும்? எனக்கும் அது உண்டு. சிரிக்காதே. தெருவே கேட்கிற மாதிரி மீன்காரியோடு மல்லுக்கட்டுகிறவள், உன் காதைத் திருகி வளர்த்தவள், இவளுக்கா என்று நினைப்பாய். ஒருத்தரோடு ஒருத்தராக நின்றால் நான் யாருக்கும் அஞ்ச மாட்டேன். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, என் முறை வருகிறது என்று தெரிந்தால் போதும், நெஞ்சு காதுக்குள் அடிக்க ஆரம்பிக்கும். கை சில்லிட்டுப் போகும். பெண்கள் சங்கத்தில் எல்லாரும் ஒரு வசனம் சொல்லும் நேரத்தில் நான் எத்தனை முறை பிள்ளைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் வெளியே போயிருக்கிறேன்! நீ பால் மறந்த பிறகும் போயிருக்கிறேன். கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைப்பேன். முப்பது வருஷமாக என் பக்கத்தில் நிற்பவளுக்கு அது தெரியாது. ஆக, நிறத்தையும் மூக்கையும் கொடுத்தது போல உனக்கு இதையும் நான்தான் கொடுத்திருக்கிறேன். உன் அப்பா, பாவம், சந்தைக்கு நடுவில் நின்று பாட்டுப் பாடக்கூடிய மனிதர்.

நீ ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்ல முடியாமல் நின்று, நிக்கரை நனைத்தாயே, அன்று நான் அடித்தது உன்னை இல்லை, என் பயத்தைத்தான் அடித்தேன். அண்ணன் மறுபடியும் பிறந்து வந்துவிட்டானோ என்கிற பயம். பிறகு தைரியம் வரட்டும் என்று உன்னைத் தள்ளித் தள்ளி விட்டேன். விருந்தில் பாடு என்றேன், வந்தவர்களுக்குத் தோத்திரம் சொல் என்றேன். நீ இன்னும் உள்ளே போய்விட்டாய். மில்லில் உனக்கு வேலை கிடைத்தபோது எல்லாரும் அந்த இரைச்சலில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். எனக்கு மட்டும் தெரியும், அந்த இரைச்சல்தான் உனக்குச் சுகம். மிஷின் ஓடுகிற இடத்தில் யாரும் யாரிடமும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள். மேஸ்திரி வேலை கொடுத்தபோது வேண்டாம் என்றாயாமே, உன்னோடு வேலை பார்க்கிற ரூத்தின் அண்ணன் சொன்னான். பத்துப் பேரைக் கூப்பிட்டு வேலை சொல்ல வேண்டுமே, அதற்குத்தானே? நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய.

இனி சொல்லப்போவது, நான் யாரிடமும் சொல்லாதது. உனக்கு அப்போது ஐந்தோ ஆறோ வயது. மகாராஜபுரத்தில் ஒரு துக்க வீட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். புரட்டாசிச் சனிக்கிழமை. நம் ஊருக்குப் பக்கத்திலிருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போனதால் வண்டிக்காரன் தோப்பு வழியாகச் சுற்றி விட்டான். தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் யாரோ கமலை இறைத்துக்கொண்டே பாடினார்கள். அது அவன் கட்டின பாட்டு. எங்கள் தோட்டத்து மாடுகளின் பெயரை வைத்து அவன் கட்டினது, வேறு எவனுக்கும் தெரியாது. கனவு இல்லை, ஏனென்றால் நீ என் கையை இழுத்து, "யாரும்மா பாடுதா?" என்று கேட்டாய். வண்டியை விட்டுக் குதித்து, "அண்ணே! ஞானமுத்தண்ணே!" என்று கூவிக்கொண்டு ஓடினேன். பாட்டு நின்றது. போய்ப் பார்த்தால் மாடுகள் சரிவில் பாதியில் நிற்கின்றன. தோல் வாளி ஆடிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் கிணற்றுக்குள் சொட்டுகிறது. வடத்தின் மேல் ஆளில்லை.

தோட்டக்காரர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது ஒரு ஊமையன்மா. எங்கிட்டோ இருந்து வந்தான், ஒரு வருசமா இங்கதான் கெடக்கான். மாட்டுக்கிட்ட பாடுவான், மனுசங்கிட்ட வாயே தொறக்க மாட்டான். ஆனா வேலையில எம்புட்டு சுத்தம்ங்கிறீக!" என்றார். இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அடுத்த வாரம் தனியாகப் போனேன், சத்தம் போடாமல் போனேன். அவன் கூலிக் கணக்கைக்கூட முடிக்காமல் போய்விட்டானாம். கூப்பிட்டுத் துரத்திவிட்டேன். அன்றிலிருந்து கமலைச் சத்தம் கேட்டால் நான் அந்தத் திசையைப் பார்ப்பதில்லை. காதை மட்டும் கொடுப்பேன். ராத்திரிக் கனவில் அந்த மாடுகள் சரிவில் பாதியிலேயே நிற்கின்றன, இன்றைக்கும்.

இவ்வளவும் அண்ணன் பாடு. அன்னம்மாள் பட்ட பாட்டை யார் நினைத்தார்கள்? உனக்கு அவளைத் தெரியும், கோயிலில் பெண்கள் பக்கம் முன் வரிசைப் பாயில் உட்காருவாளே, வெள்ளைச் சேலை, முக்காடு கண்வரை இழுத்திருக்கும், அவள்தான். மாப்பிள்ளை தாலி கட்டாமல் எழுந்து போன பெண்ணுக்கு அதன்பிறகு வரன் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அவளுக்கு இரண்டு பாய் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டும் என்று போவேன், பாதியில் திரும்பிவிடுவேன். உன் முதல் ஓலை வாசித்த மறுநாள் அவளே வந்தாள். ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள். அளவெடுக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "ஒன்னு கேக்கட்டா? ஒங்க அண்ணன் எங்கிட்ட என்ன கொறையக் கண்டாக?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கமலையில் சம்மதம் சம்மதம் என்று சொல்லிப் பார்த்ததையும் சொன்னேன். "அன்னைக்கு அவிய என்னத் திரும்பிப் பாத்தாக. பாத்ததும் வாய மூடிட்டாக. எம் மூஞ்சியிலதான் என்னமோ இருக்குன்னு நெனச்சேன். அதுக்குப் பொறவு நான் கண்ணாடியே பாத்ததில்ல, தெரியுமா? பயந்தானா? வெறும் பயந்தானா?" என்றாள். சிரிக்கவும் ஆரம்பித்தாள், அழவும் ஆரம்பித்தாள். பிறகு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத அன்னைக்கே யாராவது எங்கிட்ட வந்து சொல்லிருந்தா காத்துருந்துருப்பேனே. எம்புட்டு நாளானாலும் காத்துருந்துருப்பேனே" என்றாள். அவளிடம் யாருமே சொல்லவில்லை, மகனே. சபை முழுவதும் அவன் நாக்குக்காக ஜெபித்தது. அதே நாக்கு அடைத்துக்கொண்டதும், பெண்ணிடம் குற்றம் கண்டுவிட்டான் என்று அதே சபைதான் சொன்னது. பயந்துவிட்டான் என்பதைவிட அது சொல்வதற்குச் சுவாரஸ்யமாக இருந்தது போலிருக்கிறது.

அன்னம்மாள் போன அரை மணி நேரத்தில் மிஷினைப் பூட்டிவிட்டு, ரூத்தின் ஊரான செட்டியார்பட்டிக்குப் பஸ் ஏறினேன். உன்னைக் கேட்காமல் போனேன், திட்டுவதானால் திட்டிக்கொள். ரூத் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணனுக்கு மில் வாசலுக்குச் சோறு கொண்டுவரும்போது உன்னிடம் பேசியிருக்கிறாள், நீயும் பதில் சொல்லியிருக்கிறாய், அந்தப் பதில்களை எல்லாம் அவள் மனப்பாடமாகவே வைத்திருக்கிறாள். நான் சுற்றி வளைக்காமல், "அவனுக்குக் கூட்டத்துல வாய் வராதும்மா. சம்மதம்னு சொல்றது ஒனக்கே சரியாக் கேக்காது. ஒம் மேல இஷ்டமில்லாம இல்ல" என்றேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "எனக்குக் கேட்டாப் போதும் அத்தே. கோயிலுக்கே கேக்கணும்னா, அவுக என்ன கோயிலையா கட்டிக்கப் போறாக?" என்றாள். இத்தனை வருஷம் எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே. இரண்டாம் ஓலைக்கு நீ வெளியே நின்ற செய்தி தெரிந்தும், நேற்று அவள் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், அவள் மனம் மாறவில்லையாம்.

இரண்டாம் ஓலைக்கு மறுநாள் போதகரைப் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டு வாசலில் அன்று வேறு நாலு பெரிய மனிதர்கள். பாதியில் திரும்பிவிட்டேன். தெருமுனையில் நின்று, மூச்சை வாங்கி வாங்கி மெதுவாக விட்டு, மறுபடியும் போனேன். இது நானாகக் கற்றுக்கொண்டது. உன் அப்பா இறந்துபோன பிறகு, ராஜபாளையம் ஜவுளிக்கடையில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே போய்த் துணி விலை பேச வேண்டியிருந்தது. முதல் நாள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அடுத்த தடவை உள்ளே போய்ச் சும்மா நின்றேன். அதற்கடுத்து விலையை மட்டும் கேட்டேன், வாங்கவில்லை. அப்படியே வந்ததுதான் இந்தத் தொழில். பயம் பால் மாதிரி பொங்கும். பொங்குகிற நேரத்தில் ஓடிவிட்டால், நாம் ஓடினதால்தான் தப்பித்தோம் என்று மனம் நினைத்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பொங்கும். ஓடாமல் செத்தேன் பிழைத்தேன் என்று நின்றுவிட்டால் தானே இறங்கும். எனக்கு இறங்கியிருக்கிறது. குரல் நடுங்கும், நடுங்கட்டும். நடுங்காத மாதிரி காட்டிக்கொள்ளப் பாடுபடுவதுதான் ஆளைக் கொல்வது. இன்னொன்றும் சொல்கிறேன், கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் உன் முகத்தைப் பார்ப்பதே இல்லை, பந்தி எப்போது போடுவார்கள் என்றுதான் பார்ப்பார்கள். நம்மைப் பற்றி நமக்கு இருக்கிற அக்கறை அவர்களுக்கு ஏது?

நான் சொன்னதையெல்லாம் போதகர் பொறுமையாகக் கேட்டார். சாட்சிகள் இரண்டு பேர், அவர் காதுக்கும் பெண் காதுக்கும் எட்டும் சத்தம், சட்டத்துக்கு அவ்வளவு போதும் என்றார். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், ஐந்தாறு பேரோடு முடித்துக்கொள்ளலாம். சொந்தபந்தம் விருந்துக்கு வரட்டும். நீ யார் பக்கமும் திரும்ப வேண்டாம், ரூத் முகத்தைப் பார்த்து, மில் வாசலில் பேசுகிற சத்தத்தில் சொன்னால் போதும். இப்போதுள்ள உபதேசியாரிடமும் போனேன். "எம் மவன் பேரச் சொல்லி எங்கயாவது ஜெபம் கிபம்னு ஆரம்பிச்சீக, ஒங்க அங்கி கிழிஞ்சா இனிமே நான் தொட மாட்டேன், கிழிஞ்சதோட நின்னு பிரசங்கம் பண்ணிக்கிடுங்க" என்றேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். அங்கே அவர் ஒரே ஆள்தானே, அதனால் எனக்குப் பேச வந்தது.

இனி முடிவு உன்னுடையது. நான் உன்னைத் தள்ள மாட்டேன். கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிவரவும் மாட்டேன், ஒருமுறை ஓடி என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன். ஆனால் கல்யாணத்தன்று பாதியில் நிற்பதாக இருந்தால் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொரு அன்னம்மாள் இந்தச் சபையில் வேண்டாம். முடியாது என்றால் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிய வேண்டும். நீ யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். சம்மதம் என்றால் மூன்றாம் ஓலை வாசிக்கும்போது கோயிலுக்குள் வந்து, ஆண்கள் பக்கம் வாசலை ஒட்டின கடைசிப் பாயில் உட்கார். அது போதும். முகத்தை மறைத்துக்கொண்டாலும் சரி, நடுங்கினாலும் சரி, உட்கார்ந்தால் போதும்.

நீ வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாமல் போயிற்று என்று இருக்கக் கூடாது. போதகர் தடை உண்டா என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார். நான் ஒரு தடவை திரும்பிக் கடைசிப் பாயைப் பார்ப்பேன். நீ இல்லையென்றால் எழுந்து நிற்பேன். "பொண்ணு தங்கமான பொண்ணு. எம் மவனுக்கும் முழு இஷ்டம். எனக்குத்தான் மனசில்ல, நாந்தான் தடுக்கேன்" என்று சபை முழுவதற்கும் கேட்கச் சொல்வேன். பொய்தான், கோயிலில் வைத்துச் சொல்லும் பொய். ஆண்டவரோடு அதை நான் பேசிக்கொள்கிறேன். பணத்தாசை பிடித்தவள், மகன் வாழப் பொறுக்காதவள் என்று நாளைக்கு என்னைத்தான் தூற்றுவார்கள். தூற்றட்டும். ரூத்துக்கு வேறு வரன் வரும். உன்னிடம் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், நீயும் எந்த ஊருக்கும் ஓட வேண்டியதில்லை.

அந்தக் கோயிலில் நான் இதுவரை ஒரு சொல்லும் சத்தமாகச் சொன்னதில்லை. நாலு நாளாக மிஷினை ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். முதலில் வரவில்லை, இன்று காலை வந்தது. எழுந்து நின்றால் அங்கேயும் வரும். இது உன் கையை முறுக்குவதற்காகச் சொல்வது இல்லை, ராசா. அன்று அண்ணனுக்காக எழுந்து, பயம்தான் வேறொன்றும் இல்லை என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட இல்லை. உனக்கு ஒருத்தி இருக்கிறாள், அவ்வளவுதான். நீ பாயில் உட்கார்ந்திருந்தாலும், நான் எழுந்து நிற்க நேர்ந்தாலும், ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடு. யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம். சோறு ஆக்கி வைத்திருப்பேன்.